நீதிமன்றப் படி ஏறாத சாசனம்: மொன்றியல் நகரின் தடைக்கூறும் ‘குடிமக்கள்’ என்ற சொல்லும்

மொன்றியல் உரிமைகள், பொறுப்புகள் சாசனத்தின் இறுதிப் பகுதியில் ஒரு கூறு உண்டு. சாசனத்தை ஆதாரமாகக் கொண்டு எவரும் வழக்குத் தொடர முடியாது என்றும், வேறு வழக்கில்கூட அதை மேற்கோள் காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. நகர மனித உரிமைகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பெரும் பகுதி இந்த ஒரு கூற்றோடு தன் வாசிப்பை முடித்துக்கொண்டுவிடுகிறது. நீதிமன்றம் ஏற முடியாத உரிமை உரிமையே அல்ல, ஆகவே 2006 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்த ஆவணம் நல்லெண்ண அறிக்கைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது அந்த வாசிப்பின் சாரம். பல ஆண்டுகள் நானும் அப்படியே வாசித்துவந்தேன். இப்போது அது பிழை என்று கருதுகிறேன். தடைக்கூறு என்ன சொல்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது எங்கே நிற்கிறது, எதன் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் வாசித்ததுதான் பிழை.

முதலில், தடையை விதித்தது யார் என்ற கேள்வி. நகர சபை தன் வாக்குறுதிக்கு அஞ்சித் தானே போட்டுக்கொண்ட பூட்டு இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மொன்றியல் நகரத்துக்கான மாகாணச் சட்டத்தின் 86.1ஆம் பிரிவைப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. சாசனத்துக்கு இடமளிப்பது அந்தப் பிரிவு. நீதிமன்றத் தடையை விதிப்பதும் அதே பிரிவுதான். கனடாவில் நகரங்கள் மாகாணங்களின் படைப்புகள். கியூபெக் சட்டமன்றம் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு முழம்கூட மொன்றியல் சபையால் அளந்துகொள்ள முடியாது. 2002ஆம் ஆண்டு மொன்றியல் மாநாட்டிலிருந்து 2005இல் சபை சாசனத்தை ஏற்றது வரை நடந்த கலந்தாய்வுகள் எல்லாம் அந்த எல்லைக்குள் நடந்தவையே. ஆகவே தடைக்கூற்றை நகரத்தின் மனநிலைக்குச் சான்றாகக் காட்டும் வாதங்களை இனித் தள்ளிவிடலாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது: தடைக்கூறு எதன் பக்கத்தில் நிற்கிறது?

மொன்றியலின் குறைகேள் அதிகாரி, அதாவது ஒம்புட்ஸ்மன், இச்சாசனத்துக்கு முன்பே உருவான பதவி. முதலில் அமர்ந்தவர் ஜோஆன் சவார். 2003 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவரே இருந்தார். அந்தப் பதவிக்குச் சாதாரணமாக ஒரு பெரிய குறை உண்டு. அதிகாரிகள் எடுத்த முடிவை விசாரிக்கலாம். நகர சபையோ நிர்வாகக் குழுவோ வட்டாரச் சபையோ வாக்கெடுத்து நிறைவேற்றிய தீர்மானத்தைத் தொட முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கை தூக்கி எடுத்த முடிவை நியமிக்கப்பட்ட ஒருவர் கேள்வி கேட்பது முறையல்ல என்பது இதன் பின்னுள்ள எண்ணம். எழுத்தர் கோப்பைத் தாமதித்தால் கேட்கலாம், சபையே ஒரு பகுதி மக்களுக்கு எதிராக வாக்களித்தால் கேட்க முடியாது. நகராட்சி நிர்வாகத்தில் உழன்றவர்களுக்குத் தெரியும், பெரிய அநீதிகள் எழுத்தரின் மேசையில் பிறப்பதில்லை.

இந்த விலக்கைச் சாசனம் உடைக்கிறது. சாசனத்தில் நகரம் ஏற்ற கடப்பாடு ஒன்று மீறப்பட்டதாகப் புகார் வந்தால், குறைகேள் அதிகாரி வாக்கெடுத்த தீர்மானத்தையும் விசாரிக்கலாம். வேறு எந்த விதியும் அவருக்கு இந்த அதிகாரத்தைத் தரவில்லை. நீதிமன்றத்தை மூடும் கூறும் சபையின் அறையைத் திறக்கும் கூறும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றன. முந்தைய வாசிப்பு இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து எழுதிற்று. ஒன்றுக்கு மற்றது விலையாகக் கொடுக்கப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன். சட்டமன்றத்தின் உள்ளெண்ணத்தை ஒரு பிரிவின் அமைப்பிலிருந்து மட்டும் பிழிந்தெடுக்க முடியாது. ஆயினும், நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய ஆவணமாக இருந்திருந்தால் எந்தச் சபையும் தன் வாக்கெடுப்பை இப்படி ஒரு விசாரணையாளர் முன் வைத்திருக்காது என்று எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கறிஞர்களின் நிழல் விழும் அறையில் எவரும் மனம்விட்டுக் கோப்பைத் திறப்பதில்லை.

பரிந்துரை மட்டும்தானே செய்கிறார், கட்டளையிட முடியாதே என்ற மறுப்பு உடனே எழும். உண்மைதான். ஆனால் சாசனம் கட்டுப்படுத்துவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மேலாளர்கள், ஊழியர்கள், நகரத்தின் சார்பு நிறுவனங்கள் என எல்லாரையும். அவர்களே ஏற்ற கடப்பாட்டை அவர்களுக்கே வாசித்துக் காட்டும் பரிந்துரைக்கு எடை இல்லை என்பவர்கள், நகர சபைகளில் எது எடை பெறுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்ததில்லை.

இனி, சாசனத்தின் மிகத் துணிச்சலான சொல்லுக்கு வருகிறேன். ‘குடிமக்கள்’ என்ற சொல்லுக்கு அது தரும் பொருள்: மொன்றியல் நகரின் நிலப்பரப்பில் வாழும் எந்த இயற்கை நபரும். கடவுச்சீட்டு இல்லை, குடியேற்ற நிலை இல்லை, காலவரை இல்லை. பிரெஞ்சு மூலத்தில் இருக்கும் வினை ‘வாழ்தல்’ என்பதைக் குறிப்பது. ‘வசித்தல்’ என்பதற்கு உரிய சட்டச் சொல் அந்த இடத்தில் இல்லை. இந்த வேறுபாட்டை வெறும் நடை விருப்பம் என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. தமிழில் யோசிப்பவர்களுக்கு அது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதாகத் தோன்றாது. வசிப்பவரிடம் முகவரி கேட்கலாம், வாடகை ஒப்பந்தம் கேட்கலாம். வாழ்பவரிடம் கேட்க என்ன இருக்கிறது?

கியூபெக் தேர்தல் விதியோடு இதை வைத்துப் பார்த்தால் தூரம் புரியும். நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கக் கனடியக் குடியுரிமை வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டெ-நேஜிலோ அறையெடுத்துத் தங்கி, அகதிக் கோரிக்கையின் விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கும் ஈழத் தமிழருக்குத் தேர்தலில் இடமில்லை. சாசனத்தின்படி அவர் வந்திறங்கிய நாளிலேயே குடிமகன். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்களில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அன்று இத்தகைய ஒரு சொல் எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை. நீதிமன்றம் ஏறக்கூடிய ஆவணத்தில் இப்படி எழுத மாகாணம் இடம் கொடுத்திருக்குமா? ஊகம்தான், ஆனால் கொடுத்திருக்காது என்றே நம்புகிறேன். குடியுரிமை என்பது மத்திய அரசின் துறை. ஒரு நகரம் அதைத் தொட்டால் வழக்கு அன்றே தொடங்கியிருக்கும். தடைக்கூறு சொல்லின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்கிறார்கள். அந்தச் சொல்லை எழுத முடிந்ததே அந்தக் கூறு இருந்ததால்தான் என்பது என் வாசிப்பு.

சொல் காகிதத்தில் மட்டும் நின்றதா? 2010 முதல் நடைமுறையில் உள்ள முன்முயற்சி உரிமை சாசனத்தின் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. பதினைந்து வயது நிரம்பிய 15,000 பேர் 90 நாட்களுக்குள் கையெழுத்திட்டால், நகரம் அந்தப் பொருளில் பொதுக் கலந்தாய்வு நடத்தியே ஆக வேண்டும். குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஆனால் கையெழுத்தோடு முகவரியும் எழுத வேண்டும்; அந்த இடத்தில் ‘வாழ்தல்’ மெல்ல ‘வசித்தலாக’ச் சுருங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை இந்த வழியாக வந்தது நகர வேளாண்மை, அதன் கலந்தாய்வு நடந்தது 2012இல். 2018இல் 22,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு வந்தது அமைப்புசார் இனவாதம் பற்றிய கோரிக்கை. நகரின் பொதுக் கலந்தாய்வு அலுவலகம் 2020 ஜூனில் 38 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அமைப்புசார் இனவாதம் இருப்பதை அன்றைய மேயர் வலெரி பிளான்ட் பொதுவில் ஏற்றார். 2021 தொடக்கத்தில் அதற்கென ஓர் ஆணையரும் அமர்த்தப்பட்டார். நகரம் தானாக எழுப்பியிராத ஒரு கேள்வியை, நீதிமன்றம் போகாத ஒரு சாசனத்தின் கிளை நகரத்தின் வாயிலிருந்தே வரவழைத்தது.

குறைகேள் அதிகாரியின் கையில் அந்தச் சொல் என்ன செய்தது என்பதற்கு, நகரின் மில்டன்-பார்க் பகுதியில் நடந்ததை நெருங்கிப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் ‘ஓப்பன் டோர்’ என்ற பகல் நேரப் புகலிடம் பார்க் அவென்யூவில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்துக்கு இடம் மாறியது. அங்கே வந்தவர்களில் கணிசமானோர் இனுயிட் மக்கள். மருத்துவத்துக்காகவோ வன்முறையிலிருந்து தப்பவோ வடக்கே நுனாவிக்கிலிருந்து வந்து, திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களின் முகவரி என்று ஒன்று இருந்தால் அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தத் தெருவில் இறப்புகள் நடந்தன, அண்டை வீட்டார் அஞ்சினர், வட்டாரச் சபையும் நகரமும் மாகாணமும் ஒருவர் கையை ஒருவர் பார்த்து நின்றன. 2022 மே மாதம் குறைகேள் அதிகாரி நதீன் மையூ, முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார்.

அந்த அறிக்கையை எப்படி வாசிப்பது என்பதில்தான் என் கருத்து வேறுபாடு முழு உருவம் பெறுகிறது. பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்று எண்ணி, விடை போதாது என்று காட்டி, சாசனம் தோற்றது என்று முடிப்பது ஒரு முறை. எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். தெருவில் உறங்குபவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம். ஆனால் ஒரு நீதிமன்றத்தால் இந்த வழக்கைக் கேட்டிருக்கவே முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். வாதி யார்? மீறப்பட்ட சட்டம் எது? பிரதிவாதி வட்டாரமா, நகரமா, மாகாணமா? வழக்கின் முதல் ஓராண்டு இந்தக் கேள்விகளிலேயே கரைந்திருக்கும். குறைகேள் அதிகாரிக்கோ ‘இங்கே வாழ்பவர்’ என்ற ஒரு சொல் போதும். நுனாவிக்கிலிருந்து வந்தவர் வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டியதில்லை. அவர் மொன்றியலின் குடிமகன், நகரம் அவருக்குக் கடமைப்பட்டது. வீடமைப்பு நடவடிக்கைகளில் நலிந்தோரின் தேவையைக் கணக்கில் எடுப்பதாக ஏற்ற கடப்பாடு இத்தகைய மனிதருக்காக எழுதப்பட்டதுதான்.

சாசனத்தின் கடப்பாடுகள் நகரத்தின் நிதிவளத்துக்கும் அதிகார எல்லைக்கும் உட்பட்டவை என்று அதுவே சொல்கிறது. இது உரிமைகளைக் கரைக்கும் என்று வாதிடுவோர், பல நாடுகளின் சமூக உரிமைகளும் இதே நிபந்தனையோடுதான் வாழ்கின்றன என்பதை மறக்கிறார்கள். தலைப்பில் வரும் ‘பொறுப்புகள்’ என்ற சொல் உரிமைகளுக்கு விலங்கு மாட்டுகிறது என்ற அச்சத்தில் நீண்ட நேரம் தங்க வேண்டியதில்லை: பொறுப்பில் தவறியதால் உரிமை இழப்பதாகச் சாசனத்தில் ஒரு வரியும் இல்லை.

காவல்துறை பற்றிய மறுப்பு வேறு வகை. அதை அப்படி உதறிவிட முடியாது. மொன்றியல் காவலர்களின் நடத்தை குறைகேள் அதிகாரியின் வரம்புக்குள் வருவதில்லை. 2019இல் வெளியான சுயேச்சை ஆய்வாளர்களின் அறிக்கை, கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் வெள்ளையரைவிட நான்கு முதல் ஐந்து மடங்கு அதிகமாகக் காவலர்களால் நிறுத்தப்படுகிறார்கள் என்று காட்டிற்று. பூர்வகுடிப் பெண்களுக்கு அந்த விகிதம் பதினொரு மடங்கு. ஒரு பன்முக நகரத்தில் உரிமை மிகக் கடுமையாக மிதிபடும் இடத்தில் குறைகேள் அதிகாரியால் நுழைய முடியவில்லை. இது பெரும் குறை. என் வாசிப்பு இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்தக் குறையைத் தடைக்கூற்றின் தலையில் கட்டுவது தவறு. 2024 செப்டம்பரில் கியூபெக் உயர் நீதிமன்றம் இன அடையாளத்தை வைத்து மக்களை நிறுத்தியதற்கு மொன்றியல் நகரத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு நகரச் சாசனம் தேவைப்படவில்லை. நீதிமன்றம் எங்கே பயன்படுமோ அங்கே அதன் கதவு திறந்தே இருந்தது. தடைக்கூறு மூடியது நகரச் சாசனத்தின் பக்கங்களை மட்டும். விடுபட்டுப்போனது காவல்துறையை நோக்கிய விசாரணை அதிகாரம். அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம்.

சாசனம் நடைமுறைக்கு வந்த அதே 2006 ஜனவரி 1ஆம் தேதி, நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டாயமாக மொன்றியலோடு இணைக்கப்பட்ட பதினைந்து நகராட்சிகள் பிரிந்து போயின. வெஸ்ட்மவுண்ட் அவற்றில் ஒன்று. ஓப்பன் டோர் புகலிடம் 2018 வரை இயங்கியது அட்வாட்டர் தெருவோரத்தில், வெஸ்ட்மவுண்ட் எல்லைக்குள். அங்கே கஞ்சி குடித்து உறங்கிய அதே மனிதர், தெருவைக் கடந்து கிழக்கே வந்த பிறகே சாசனத்தின் சொல்லுக்குள் வந்தார். நிலத்தை வைத்துக் குடிமகனை வரையறுத்த ஓர் ஆவணத்தில் நில எல்லை என்ன செய்கிறது என்பதைத் தடைக்கூற்றில் கண் பதித்த இந்த இருபது ஆண்டு விவாதம் இன்னும் கேட்டதாகத் தெரியவில்லை.