கொம்பனித்தெரு: ஒரு நிலையமும் மூன்று பெயர்களும்

கோட்டையில் புகையிரதம் ஏறித் தெற்கே வெள்ளவத்தைக்கோ தெஹிவளைக்கோ போகும் நேயர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். புறப்பட்ட சில நிமிடங்களில், கரையோரத்தைத் தொடுவதற்கு முன்னரே, வண்டி ஒரு சிறிய பழைய நிலையத்தில் நிற்கும். மாடியில்லாத கட்டடம்; விக்டோரியா மகாராணி காலத்துச் சாயல். காலையில் கந்தோருக்குப் போகிறவர்கள் முண்டியடித்து இறங்குவார்கள். மாலையில் அதே அவசரத்துடன் ஏறுவார்கள். நிலையத்தின் பெயரை நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. அந்தப் பெயர்தான் இன்று நமது பொருள்.

கொழும்பின் இடப்பெயர்கள் பல, மூன்று மொழிகளிலும் ஒன்றையே சொல்கின்றன. தமிழில் கறுவாத்தோட்டம் என்போம், சிங்களத்தில் குருந்துவத்த, ஆங்கிலத்தில் சினமன் கார்டன்ஸ். மூன்றும் கறுவா வளர்ந்த தோட்டத்தையே குறிக்கின்றன. கொம்பனித்தெருவின் கதை வேறு. சிங்களவர் கொம்பஞ்ஞ வீதிய என்றார்கள். தமிழர் கொம்பனித்தெரு என்றார்கள். ஆங்கிலேயர் மட்டும் ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு, என்றார்கள். ஒரே நிலத்தை நம்மவர் அங்கிருந்த கொம்பனியைக் கொண்டு நினைவு வைத்தார்கள். ஆங்கிலமோ அங்கே அடைக்கப்பட்டிருந்த மனிதரைக் கொண்டு நினைவு வைத்தது.

அந்த மனிதர் யார்? 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையின் வேலைகளுக்கும் வீட்டு ஊழியத்துக்கும் அடிமைகளை வைத்திருந்தனர். காப்பிரியர் என்று நாம் அழைக்கும் ஆபிரிக்கர் அவர்களுள் இருந்தனர். தென்னிந்தியக் கரைகளிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தனர். பகலில் கோட்டைக்குள் உழைத்தவர்களை இரவில் பேர வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். அடிமைகள் ஒல்லாந்தக் குடும்பமொன்றைக் கொன்ற பின்னரே இந்தக் கட்டுப்பாடு வந்தது என்றும், தப்பி நீந்துவோரை அஞ்சவைக்க வாவியில் முதலைகள் விடப்பட்டன என்றும் கர்ணபரம்பரைக் கதைகள் உண்டு. அவற்றில் எவ்வளவு உண்மையோ, அந்த மனிதர்களின் பெயர்கள் மட்டும் ஊரின் நினைவில் தங்கவில்லை. எஞ்சியது அந்த ஆங்கிலப் பெயர் ஒன்றுதான்.

அடிமை என்றதும் ஆபிரிக்கரை மட்டும் நினைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், யாழ்ப்பாணத்தாரின் அடிமைகள் பற்றிய விதிகளும் இருக்கின்றன. காணியைப் போலவே மனிதரும் சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறிய காலம் அது. 1816இல், அந்த ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உரிமையாளர் பலர் உடன்பட்டனர். சட்டம் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது 1844இல்தான். ஆகவே அடிமைத் தீவு என்ற பெயர் ஒல்லாந்தருடைய வெட்கம் மட்டுமன்று. நம் வீட்டு முற்றத்திலும் அதன் நிழல் விழுகிறது.

புகையிரதம் அதற்குப் பிறகு வந்தது. 1865இல் அம்பேபுஸ்ஸவுக்கும் 1867இல் கண்டிக்கும் பாதை திறந்தது. அதன் நோக்கம் மலைநாட்டுக் கோப்பி. 1877இல் மொறட்டுவை வரை ஓடத் தொடங்கிய கரையோரப் பாதையோ பெரும்பாலும் மனிதரைச் சுமந்தது. அந்தப் பாதையோடு சேர்ந்தெழுந்ததே நமது நிலையம். அடிமைமுறை ஒழிந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் புகையிரதத் திணைக்களம் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பயணச்சீட்டிலும் நேர அட்டவணையிலும் ஏறிய பெயர் எளிதில் அழிவதில்லை.

நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அதற்குள் வேறாகியிருந்தது. மலே வீதி, ரைஃபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்களைக் கேட்டாலே வரலாறு புரியும். ஒல்லாந்தரிடமும் பின்னர் ஆங்கிலேயரிடமும் படைச் சேவகம் செய்த மலாயர் இங்கே குடியிருந்தனர். 1786இல் அமைந்த வேகந்தைப் பள்ளிவாசல் அவர்களுடைய தொன்மையைச் சொல்லும். இலங்கை ரைஃபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டபோது துவக்கைக் கீழே வைத்தவர்கள், நகரத்துத் தொழில்களில் கலந்தார்கள். அவர்களிடையே எழுத்தும் இருந்தது: பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை, அரபு எழுத்தில், வெளியிட்டார். கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் எழுந்தது. தமிழும் சிங்களமும் மலாயும் ஒரே ஒழுங்கையில் பேசப்பட்டன.

கொம்பனி என்பது எந்தக் கொம்பனி? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி என்பாரும் உளர். படைப்பிரிவைக் குறிக்கும் கொம்பனி என்பாரும் உளர். எதுவானாலும் அந்த ஐரோப்பியச் சொல்லைத் தமிழர் தம் வாய்க்கேற்ப வளைத்து, பின்னால் 'தெரு' என்று சேர்த்துக்கொண்டார்கள். செட்டியார் தெரு, ஆட்டுப்பட்டித் தெரு என்பவற்றோடு அதுவும் கொழும்புத் தமிழின் சொத்தாயிற்று.

2022ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் ஒரு முடிவை அறிவித்தது. இனி மூன்று மொழிகளிலும் கொம்பஞ்ஞ வீதிய என்ற ஒரே பெயரே வழங்க வேண்டும் என்பது அந்த முடிவு. ஆங்கிலப் பெயரை நீக்கியது பிழையென்று சொல்ல நான் துணியேன். தன் ஊர் அடிமைத் தீவு என்று முகவரி எழுத நேர்ந்தவருக்கே அதன் கூச்சம் தெரியும். ஆனால் ஒரே உத்தரவில் தமிழ்ப் பெயரும் அல்லவா விடைபெறுகிறது? அது யாரையும் இழிவுபடுத்தவில்லை. 'வீதிய' என்பதன் பொருளையே 'தெரு' என்பதும் தந்துகொண்டிருந்தது. இழிவு ஒரு மொழியிலிருக்க, தண்டனை இரண்டு மொழிகளுக்குக் கிடைத்தது.

இதைவிடப் பெரிய கவலையும் உண்டு. பெயரை அழிப்பது எளிது. அந்தப் பெயர் சுமந்த நினைவுக்கு வேறோர் இடம் தருவது கடினம். போருக்குப் பின்னைய ஆண்டுகளில் இப்பகுதியின் பழைய வீடுகள் பல அகற்றப்பட்டு, வானுயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. தலைமுறைகளாய் வாழ்ந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆட்களும் போய், வீடுகளும் போய், பெயரும் போனால், அங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகள் எதைப் பார்த்துக் கேட்பார்கள்?

நிலையத்தின் சுவரோரம் ஒரு சிறு கல் போதும். இரவில் இங்கே அடைக்கப்பட்ட மனிதரைப் பற்றி மூன்று மொழியிலும் நான்கு வரிகள் எழுதலாம். வண்டிக்குக் காத்து நிற்பவர்கள் வாசிப்பார்கள். பலகையில் எது எழுதியிருந்தாலும், அருகில் நிற்பவர் "இது என்ன ஸ்டேஷன்?" என்று கேட்டால், நாம் கொம்பனித்தெரு என்றே சொல்லுவோம்.