ஒவ்வாமைப் புரதங்களும் தரவுத்தளங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் எதனை உண்ணத்தக்கது எனக் கொள்கின்றது என்பது நெடுங்கால அனுபவத்தின் பேறாகும். பல தலைமுறையினர் உண்டும், சிலர் உண்டு நோயுற்றும் பெற்ற அனுபவம் வழிவழியாகக் கையளிக்கப்பட்டே உணவு பற்றிய பொது அறிவு உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிர்கள் சந்தைக்கு வந்தபோது இவ்வறிவு போதாததாயிற்று. முன்னர் எவரும் உண்டிராத புரதமொன்று உணவிற் சேருமாயின், அதனாற் சிலருக்கு ஒவ்வாமை நேருமா என்பதை உண்பதற்கு முன்னரே அறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியில் எழுந்தவையே ஒவ்வாமைப் புரதத் தரவுத்தளங்கள். அவற்றின் தோற்றத்தையும், அவை தரும் முடிவுகளுக்கு நாம் அளிக்கத்தக்க மதிப்பையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக நோக்குவோம்.

ஒவ்வாமை என்னும் கருத்துக்குரிய 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் வியன்னா நகர வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்க்கே ஆக்கினார். 1921இல் ஜேர்மனிய ஆய்வாளர்களான பிரவுஸ்னிற்ஸ், கூஸ்ற்னர் ஆகிய இருவரும் வெளியிட்ட பரிசோதனை அடுத்த படியாகும். கூஸ்ற்னருக்கு மீன் ஒவ்வாது. அவரது குருதி நீர்ப்பாயத்தைப் பிரவுஸ்னிற்ஸ் தமது தோலிற் செலுத்தி, பின்னர் அதே இடத்தில் மீன் சாற்றையும் செலுத்தியபோது தோல் தடித்தது. ஒவ்வாமைக்குக் காரணமானதொரு பொருள் குருதியில் உண்டென்பது இதனாற் புலனாயிற்று. அப்பொருள் ஐ.ஜி.ஈ. எனப்படும் பிறபொருளெதிரி என்பது 1960களின் பிற்பகுதியிலேயே தெளிவாயிற்று. இதன்பின் எந்தப் புரதம் எந்த நோயாளியின் நீர்ப்பாயத்தோடு பிணைகின்றது என்பதைத் தனித்தனியே ஆராய முடிந்தது. தரவுத்தளத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் நோயுற்ற மனிதர் ஒருவர் இருக்கின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

உணவுப் பாதுகாப்பு மதிப்பீட்டில் இவ்வறிவின் பயனை உலகறியச் செய்தது பிரேசில் கொட்டை விவகாரமாகும். சோயா அவரையில் மெதியோனின் என்னும் அமினோவமிலம் குறைவு. கால்நடைத் தீவனத்தில் இக்குறையை நீக்கும் பொருட்டு, பயனியர் ஹை-பிரெட் என்னும் அமெரிக்க விதைக் கம்பனி, பிரேசில் கொட்டையின் 2எஸ் அல்புமின் புரதத்துக்குரிய பரம்பரையலகைச் சோயாவிற் புகுத்தியது. நெப்ராஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் நடத்திய சோதனையின் முடிவுகள் 1996இல் வெளிவந்தன. பிரேசில் கொட்டை ஒவ்வாத ஒன்பதின்மருள் எண்மரின் நீர்ப்பாயம் அப்புரதத்தோடு பிணைந்தது; தோலிற் குத்திச் சோதிக்கப்பட்ட மூவரும் புதிய சோயாவுக்கு எதிர்வினை காட்டினர். அப்பயிர் சந்தைக்கு வரவில்லை.

இந்நிகழ்ச்சியை ஒழுங்குமுறையின் வெற்றி எனச் சிலரும், வரவிருந்த பேராபத்தின் அறிகுறி எனச் சிலரும் எடுத்துரைத்தனர். இரு சாராரும் போதிய அழுத்தம் கொடாத உண்மையொன்று உளது. பிரேசில் கொட்டை ஒவ்வாமை தருவது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அதனாலேயே சோதிப்பதற்கு நோயாளிகள் இருந்தனர். அவர்தம் நீர்ப்பாயமும் கிடைத்தது. முன்னறிவு இல்லாதவிடத்து என் செய்வது?

இவ்வினா விரைவிலேயே நடைமுறைப் பிரச்சினையாயிற்று. 'ஸ்டார்லிங்' என்ற சோளத்தில் இருந்த கிரை9சி புரதம், மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றிலிருந்து பெறப்பட்டது. அது வெப்பத்தையும் சமிபாட்டையும் ஓரளவு தாங்கி நின்றமையால், 1998இல் அச்சோளம் தீவனத்துக்கும் கைத்தொழிற் பயன்பாட்டுக்கும் மட்டுமே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் 2000 செப்டெம்பரில் அதன் தடயம் மனித உணவிற் கண்டுபிடிக்கப்பட்டது. நோயுற்றதாக முறையிட்டோருள் 17 பேரின் நீர்ப்பாயத்தை அரச சுகாதார ஆய்வாளர் சோதித்தபோது, அப்புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ. காணப்படவில்லை என 2001இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் தீவனத்தையும் உணவையும் சந்தையிற் பிரித்து வைக்கலாம் என்ற நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

அறியப்படாத புரதத்தை அறியப்பட்டவற்றோடு ஒப்பிடுவதே எஞ்சிய வழி. புரதம் என்பது 20 வகை அமினோவமிலங்களாலான சங்கிலி. புதிய சங்கிலியை 80 அலகுகள் கொண்ட துண்டுகளாக நோக்கி, ஒரு துண்டில் 35 சதவீதத்துக்கு மேல் அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதத்தோடு ஒத்திருப்பின் மேலும் சோதிக்க வேண்டும் என்பது விதி. உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் 2001இற் கூட்டிய நிபுணர் குழு இதனோடு, தொடர்ச்சியான ஆறு அலகுகள் ஒத்திருத்தலையும் எச்சரிக்கையாகக் கொண்டது. 1996இன் நெறிமுறையோ எட்டு அலகுகளைக் கேட்டிருந்தது. ஆறு அலகுத் தொடர்கள் 6 கோடியே 40 இலட்சம் வகையில் அமையலாம். எட்டு அலகுத் தொடர்களோ 2,560 கோடி வகையில் அமையலாம். எனவே ஆறு என வைத்தால், எவ்வித உறவுமற்ற புரதங்களும் தற்செயலாகவே பிடிபடும். 2003இன் கோடெக்ஸ் வழிகாட்டி 35 சதவீத விதியை ஏற்று, அலகுத் தொடரின் நீளம் விஞ்ஞான முறையில் நியாயப்படுத்தப்பட வேண்டும் என்று மட்டும் கூறி நின்றது. எண்ணைக் குறைத்தால் வீண் ஐயம் பெருகும். கூட்டினால் உண்மை ஆபத்து நழுவக்கூடும். எத்தகைய தவறைச் சமுதாயம் தாங்கிக்கொள்வது என்ற தெரிவு இவ்வெண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றது.

இவ்வொப்பீட்டுக்கென 2005இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் 'அலர்ஜன்ஒன்லைன்' உருவாயிற்று. எப்புரதத்தைச் சேர்ப்பது என்பதை நிபுணர் குழுவொன்று சான்றுகளைப் பரிசீலித்து முடிவு செய்யும் முறை அதன் சிறப்பாகும். 2017இல் 'கொம்பெயர்' என்ற மற்றொரு தளம் தோன்றியது. இவை எவரும் பார்வையிடத்தக்கவை. எனினும் இத்துறையின் வளர்ச்சியில், மதிப்பிடப்பட வேண்டிய கம்பனிகளின் நிதியும் பங்கு பெற்றுள்ளது. இதனால் முடிவுகள் பொய்யென்று கொள்வது நேர்மையாகாது. ஆயின் பொதுநலனுக்கான அறிவு பொது நிதியால் நிலைபெற வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெறுகின்றது.

முன்னறிவு உள்ளவிடத்து இம்முறை நன்கு பயன்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மஞ்சள் மாவுவண்டின் குடம்பியைப் புதிய உணவாக அனுமதித்தபோது, இறால், நண்டு முதலியன ஒவ்வாதோருக்கும் வீட்டுத் தூசியுண்ணி ஒவ்வாதோருக்கும் எச்சரிக்கை பொறிக்கப்பட வேண்டும் என விதித்தது. இவ்வுயிர்களின் தசையில் உள்ள திரொப்போமயோசின் என்னும் புரதம் பெரிதும் ஒத்திருப்பது ஏலவே அறியப்பட்டமையே இதற்கு வழிசெய்தது.

ஆகவே தரவுத்தளம் விடை கூறுவது, "இப்புரதம் அறியப்பட்ட ஒன்றை ஒத்ததா?" என்ற வினாவுக்கே. "இது எவருக்கும் தீங்கு செய்யாதா?" என்பது வேறு வினா. ஒப்புமை இல்லை என்பதைத் தீங்கு இல்லை என்று வாசிப்பது தர்க்கப் பிழையாகும். மேலும், ஆய்வுகூடமும் ஒவ்வாமைச் சிகிச்சை நிலையமும் உள்ள நாட்டு நோயாளியின் துன்பமே பதிவாகின்றது. அவ்வசதியற்ற நாட்டவரின் துன்பம் பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றது. உணவு பற்றிய அறிவு ஒருகாலத்தில் எல்லோருடைய அனுபவத்திலிருந்தும் திரண்டது. அதன் இன்றைய வாரிசான தரவுத்தளமும் எல்லா மக்களின் அனுபவத்தையும் உட்கொள்ளும்போதே, அதன் மௌனத்தை நாம் ஓரளவேனும் நம்பமுடியும்.