போர்க்கால இரும்பும் 1815 ஆம் ஆண்டும்

கடற்கரை மணலில் உலோகங் காணுங் கருவியொன்றை ஏந்தி மெல்ல நடந்து, அது ஒலியெழுப்பும் இடத்தைத் தோண்டிப் பார்ப்பது ஐரோப்பிய நாடுகளிற் பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகும். இரண்டாம் உலக மகாயுத்தம் நிகழ்ந்த கரைகளில் துப்பாக்கி இரவைக் கோதுகளும் குண்டுச் சிதறல்களும் சீருடைப் பொத்தான்களும் இவ்வாறு கிடைத்துள்ளன. நமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் அக்கருவியைப் பெரிதும் கையாண்டவர்கள் கண்ணிவெடி அகற்றுவோரே. அங்கு மணலினடியில் எழும் ஒலி ஆவலைத் தூண்டுவதன்று. அடியெடுத்து வைப்பவனை நிறுத்துவது.

அக்கருவியின் வரலாறும் போரோடு பின்னியதே. 1881 இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்டின் உடலிற் பாய்ந்த குண்டைத் தேடுவதற்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் ஒரு மின்கருவியைப் பயன்படுத்தித் தோல்வி கண்டார். கம்பிச் சுருளினூடே மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால் அண்மையிலுள்ள உலோகத்திற் சுழல் மின்னோட்டம் தோன்றும்; அதனை ஒலியாக மாற்றிக் கேட்கலாம். இத்தத்துவத்தைக் கொண்டு, போர்க்களத்தில் ஒருவன் தூக்கிச் செல்லத்தக்க கருவியை அமைத்தவர் ஸ்கொட்லாந்திற் புகலடைந்திருந்த போலந்துப் படையதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி. 1942 ஒக்டோபரில் எல் அலமீன் களத்தில் ஏறத்தாழ 500 கருவிகள் பயன்படுத்தப்பட்டன. அவர் அதற்குக் காப்புரிமை கோராது பிரித்தானியப் படைக்கு அளித்தார் என்பது பாராட்டற்குரியது.

அதே 1942 இலேயே நமது கரைகளிலும் போரின் இரும்பு வீழ்ந்தது. ஏப்ரல் 4 ஆம் நாள், கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்திற் பறந்த கனேடியரான லெனார்ட் பேர்ச்சல், தென்கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு தாக்கப்பட்டது. தென்மேற்குக் கடலில் டோர்செற்சயர், கோர்ண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. 9 ஆம் நாள் திருக்கோணமலையின் முறை வந்தது. அங்கு பிரித்தானியர் அமைத்திருந்த எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றன் மீது யப்பானிய விமானமொன்று வீழ்ந்தது. அத்தாங்கி பல நாள் எரிந்தது. உருகி முறுக்குண்ட அதன் இரும்பு நெடுங்காலம் அவ்விடத்திலேயே கிடந்தது.

அன்று மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் நிகழ்ந்தது இன்னுங் கொடியது. விமானந்தாங்கிக் கப்பலெனவே தொடக்கத்திலிருந்து வரையப்பட்டுக் கட்டப்பட்ட முதற் கப்பல்களுள் ஒன்றாகிய ஹேர்மிஸ், தாக்குதல் வருமென அறிந்து முதல்நாளிரவே திருக்கோணமலையை விட்டகன்றிருந்தது. அதன் விமானங்களோ கரையிலே விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பல், தன்னைக் காக்க ஒரு விமானமுமின்றி அழிந்தது. 307 பேர் மாண்டனர். துணைக்கலமான வம்பயரும் மூழ்கியது. வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றிக் கரைசேர்த்தது. ஹேர்மிஸ் இன்றும் ஐம்பது மீற்றருக்குங் கீழே கிடக்கின்றது. அதே நாளில் திருக்கோணமலைத் துறைமுகத்தில் எரிந்த சகாயிங் என்னும் பயணிகள் கப்பலை 1943 இல் இறங்குதுறையாகப் பயன்படுத்தவென அங்கேயே அமிழ்த்தினர். 75 ஆண்டுகளின் பின், 2018 இல், இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதனை நீர்மட்டத்துக்கு உயர்த்தினர்.

இத்தகைய இரும்புகளைக் கண்டெடுப்பவன் அவற்றை என்செய்வது? வெடிக்காத குண்டாயின் தொடாது விலகிப் படையினருக்கு அறிவிப்பதன்றி வேறு வழியில்லை. ஏனையவற்றின் நிலையே சிந்தனைக்குரியது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருள் என்பதற்கு வகுத்த கால எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிய ஒப்பந்தத்தின் நாள் அது. பின்வந்த திருத்தங்கள் அவ்வெல்லையை ஓரளவு தளர்த்தினவாயினும், அடிப்படை நோக்கு அதுவேயாகும்: அந்நாளுக்கு முற்பட்டது தொல்பொருள், பிற்பட்டது பழைய இரும்பு. ஆதலால் 1942 இன் குண்டுச் சிதறல் கண்டெடுத்தவனின் அலுமாரிக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விடுகின்றது. எவ்விடத்தில், எவ்வாழத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தியும் அதனோடு போய்விடுகின்றது. இடத்தை இழந்த பொருள் வரலாற்றாசிரியனுக்குப் பாதிப் பயனுந் தராது.

கடலைக் காண்பதற்கே ஒரு பகல் பயணஞ் செய்யவேண்டிய கந்தப்பளையிற் பிறந்தவனுக்கு இதில் என்ன அக்கறை என வினவலாம். அந்த 1815 இலேதான் அக்கறை. கோப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கின. எம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்தது அதன் பின்னரே. எனவே மலையகத் தமிழரின் கைப்பட்ட பொருள் அனைத்தும் அச்சட்டம் வகுத்த எல்லைக்கு வெளியே நிற்கின்றது. மண்டபம் முகாமிலிருந்து வந்தோர், தோட்டத்தின் எண் பொறித்துக் கழுத்திற் கட்டிவந்த தகரத் துண்டும் அவ்வாறே. முதல் லயங்களின் கதவுக் கொண்டிகளும் அவ்வாறே.

மலையகமும் போரினின்று ஒதுங்கியிருக்கவில்லை. 1940 ஜனவரி 10 ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் மாண்டார். போர் தொடங்கி நான்கு மாதமே சென்றிருந்த காலமது. 1942 மார்ச் 8 இல் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. தோட்டத்து லயங்களில் அரிசி பங்கீட்டுப் பொருளாகி, கோதுமை மா அதனிடத்தைப் பிடித்தது. மலையகத்தின் அன்றாட உணவாகிய ரொட்டியிலும் அப்போரின் தடயம் உண்டெனில் மிகையன்று. அதேவேளை யாவாத் தேயிலையும் எதிரி கைப்பட்டமையால், பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கிய இலங்கைத் தேயிலையின் தேவை பெருகியது. உண்ணும் அரிசி குறைந்தும் கொழுந்தின் நிறுவை குறையக்கூடாதென்பதே அன்றைய நிலை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொணர்ந்தார். நாம் மாலையில் உலாவச் செல்லும் பூங்கா அதுவே.

கந்தப்பளையில் இரும்பின் தடயமும் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1904 முதல் ஓடிய சிறுபாதைப் புகையிரதம் 1940களில் நின்றது, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அத்தடத்திற் கருவியேந்தி நடப்பின் ஆணியோ திருகோ ஒலிக்கக்கூடும். ஆயினும் நம் மாணவர் தோண்டத் தொடங்குமுன் செய்யவேண்டியது, அத்தடத்தைப் படத்திற் குறித்து வைப்பதும், காண்பவற்றைக் கிடந்த நிலையிலே படம் பிடித்து அளந்தெழுதுவதுமாகும். கரையோரத்து மாணவர் 1942 இன் எச்சங்களுக்கும் அவ்வாறே செய்யலாம். இதற்குச் சட்டத்தின் அனுமதி வேண்டியதில்லை, குறிப்பேடும் அளவுநாடாவும் போதும்.

இரும்பை விட விரைந்து மறைவது வேறொன்று உண்டு. 1942 இற் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். ஒவ்வொரு தோட்டத்திலும் அத்தகையோர் இருப்பின் ஓரிருவரே இருப்பர். வாரத்துக்கு எத்தனை கொத்து அரிசி அளந்தார்கள்? மா முதன்முதலிற் பிரட்டுக் களத்துக்கு வந்த நாளில் அதை எவ்வாறு சமைத்தார்கள்? கொழும்பில் குண்டு விழுந்த செய்தியை யார் வந்து சொன்னார்கள், கங்காணியா, கடைக்காரரா? இவ்விடுமுறையில் ஊர் செல்வோர் இம்மூன்றையேனும் கேட்டெழுதி வருவாராக.