மலைநாடும் தீவும் – ஒரே மண்ணிலிருந்து

பழந்தமிழ்ப் புலவர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது மலையைக் குறிஞ்சி என்றும் கடலோரத்தை நெய்தல் என்றும் கொண்டனர். ஒன்றற்குப் புணர்தல், மற்றதற்கு இரங்கல். இப்பகுப்பிலேயே ஊறிய நமக்கு, மலையும் கடலும் உணர்ச்சிக்கு நிலைக்களனாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் விட்டுப் புறப்பட்ட மக்கள் கூட்டம் ஒன்றுண்டு. அவர்களுக்கு மலை என்பது முதுகில் தொங்கும் கொழுந்துக்கூடை. தீவு என்பது இரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. மலைநாட்டு வாழ்வையும் தொலைதூரத் தீவு வாழ்வையும் ஒப்பிடுவது பலருக்குக் கற்பனைப் பயிற்சியாக இருக்கலாம். இவர்களுள் சில குடும்பங்கள் இரண்டையும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வாழ்ந்து பார்த்துவிட்டன.

முதலில் மலைநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு மக்கள் சென்றனர். வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் அடுத்த வழியில்லை. பெரியாற்று நீர் வைகைப் பாசனத்துக்கு வந்ததே 1895-இல்தான். அதற்கு முன் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் இந்நிலத்தைச் சூறையாடியிருந்தது. பாக் நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அநுராதபுரம், தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன், உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் தெய்வம் என்றே சொல்லத் தோன்றுகிறது. 2023-இல் மலையகத் தமிழர் தம் இருநூறாம் ஆண்டினை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தே சென்றனர். வரலாற்றைக் காலால் படித்தவர்கள் அவர்கள்.

1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவ காலத்தில் மட்டும் ஆள் வேண்டும். அறுவடை முடிந்தபின் ஊர் திரும்பி உழவுக்கு வந்துவிடலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். போய்வருபவனைத் தங்கிவிட்டவனாக மாற்றியது இந்தச் செடியே. இந்த வேறுபாட்டை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்பது என் கருத்து. உடன் வந்தது லயம்: நீண்ட ஒரே கூரையின் கீழ் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. விடியற்காலையில் தப்பு முழங்கப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கங்காணியிடம் பட்ட கடன் பிறப்போடு ஒட்டிய மறுவைப் போன்றது. ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாக் குளிரைச் சமவெளிக்காரர் கம்பளிக்குள் ஒடுங்கித் தாங்கினர்; அட்டைக்கடியைப் புகையிலையும் சுண்ணாம்பும் கொண்டு தாங்கினர். ஆயினும் அம்மலையில் அவர்கள் தனித்திருக்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் தமிழே ஒலித்தது. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் ஆடப்பட்டன. லயம் சிறை என்பது உண்மையே. எனினும் அது ஒரு மொழியின் சிறை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த எஞ்சியவர்களை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் படியளந்து பங்கிட்ட இந்தக் கணக்கைப் படிக்குந்தோறும், களத்துமேட்டில் நெல்லளக்கும் காட்சியே கண்முன் வருகிறது. நெல்லையாவது யாரும் இரண்டு முறை அளப்பதில்லை.

தாயகம் திரும்பியோர் மண்டபம் முகாமில் இறங்கினர். அங்கிருந்து மதுரை வழியாகப் புகைவண்டிகள் அவர்களைப் பல திசைக்கும் கொண்டு சென்றன. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் அமைத்தது. சிலர் நூற்பாலைகளுக்குச் சென்றனர். பலர் கடனுதவி பெற்று ஊரோரக் குடியிருப்புகளில் தங்கினர். ஒரு சிறு பகுதியினர் மட்டும் மீண்டும் கப்பலேறினர். அவர்கள் சென்ற இடம் நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் கச்சால். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என வரும் அந்த நிலமேதான். ஆனால் வென்றவர் வழியில் அன்று, வேலைக்கு.

சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் அளவு பயணம். அதற்குத் தெற்கே மேலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் கச்சால். அங்கே அரசு இரப்பர்த் தோட்டம் இட்டிருந்தது. மதுரையில் ஆண்டுக்குப் பெய்யும் மழையின் மும்மடங்குக்குக் குறையாத மழை அங்கு. குளிர் இல்லை, புழுக்கம் உண்டு, மலேரியாவும் உண்டு. வேலையின் இயல்பும் வேறு. கொழுந்தெடுப்பது கூட்டமாகச் செய்யும் தொழில். நிரையாக நின்று, பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் செய்யலாம். பால்வெட்டு அப்படியன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே இருள் பிரியும் முன்பே விளக்கோடு ஒவ்வொருவரும் தமக்குரிய மர வரிசையில் தனியே நடக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. மலையில் மழையில் நனைந்தபடி வேலை செய்தவர்கள், தீவில் மழையால் வேலையிழந்து அமர்ந்தனர். மலையில் பாட்டு பெருகியதற்கும், தீவிலிருந்து நமக்குப் பாட்டு வந்து சேராமைக்கும் இது ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. மலைநாட்டில் அண்டைக் கிராமம் சிங்களம் பேசியது. தோட்டத்துக்குள் தமிழே ஆட்சி செய்தது. தீவிலோ மண்ணின் மக்கள் நிக்கோபாரியர். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் இந்தியே பொதுமொழி. தாய்நாட்டுக் கொடியின் கீழ் வந்து சேர்ந்த பின்னர்தான், தமிழை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை சிலருக்கு வந்தது!

வேறுபாடுகள் இத்தனையிருந்தும் ஒன்று மாறவில்லை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி நிக்கோபாரில் வெளியாருக்கு நிலவுரிமை கிடையாது. இது நேரிய சட்டமே. நிக்கோபாரியரின் மண்ணை அவர்களிடம் விட்டுவைக்க வேறு வழி இல்லை. ஆனால் அதன் விளைவாக, தாயகம் திரும்பியவரின் தீவு வீடு மீண்டும் வேலையோடு பிணைந்த குடியிருப்பாகவே இருந்தது. மலையில் துரையின் காம்பரா; தீவில் தோட்டத்தின் குடியிருப்பு. வேலை உள்ளவரை கூரை உண்டு. குடியுரிமை கிடைத்தது, குடியிருக்க மண் கிடைக்கவில்லை. மலையில் எஞ்சியோர்க்கு 2003-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் இயற்றியது. லயத்தின் நிலம் அவர்களுக்கும் எளிதில் கைவரவில்லை. பிரிந்து சென்ற இரு கிளைகளும் இரண்டு கரைகளில் ஒரே கேள்வியோடு நின்றன.

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது, புத்தாயிரத்தின் முதற்கதிர் விழும் இடம் என்று கச்சால் விளம்பரம் பெற்றது. ஐந்தே ஆண்டுகளுக்குள், 2004 டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை அதன் கரையூர்களை வாரிக்கொண்டது. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேலிருந்த மக்கட்தொகை, 2011-இல் ஏறத்தாழ 2,700. மாண்டவருள் பெரும்பாலோர் கரையோரத்தில் வாழ்ந்த நிக்கோபாரியர். அன்று தமிழகக் கரையில் நாகப்பட்டினத்தின் துயர் நம் செய்தித்தாள்களை நிறைத்தது. கச்சாலின் துயர் ஓரிரு பத்திகளோடு நின்றது.

வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் லயத்தின் தாலாட்டும் ஒப்பாரியும் இன்று நம் கைக்கு எட்டுகின்றன. அதற்கும் முன்பே புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதையை எழுதிவிட்டார். தீவுக்குப் போனவர்களைப் பற்றி நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் ஒரு கவிதையும் படிக்கப்பட்டதில்லை. மண்டபத்தில் இளைஞராய் இறங்கியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. மதுரையிலிருந்து அந்த முகாம் வாயிலுக்குப் பேருந்தில் சில மணி நேரம்தான்.