அம்புச் சூதிலிருந்து போக்கர் பயிற்சி முகாம் வரை



பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பேர்போன ஊர். கொதிக்கும் கரும்புச்சாறு பாகாகி வரும்போது அதை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது சில நாள்களில் கைவரும் வித்தையன்று. அதைக் கற்றுக்கொடுப்பவருக்குக் கூலி கொடுப்பதில் எவரும் குறை காணமாட்டார். இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வேறொரு கல்வி வந்து சேர்கிறது. போக்கர் சூதன்று, திறமை. ஆகவே கட்டணம் செலுத்திப் பயின்றால் அதிலேயே பொருளீட்டலாம் என்கிறது அது. அக்கட்டணத்துக்குத் தக்க பயன் உண்டா? ஹராம் என்ற ஒரு சொல்லோடு இப்பேச்சை முடித்துவிட நாம் விரும்பவில்லை. ‘திறமை’ என்ற சொல் சூதாட்டத்துக்குள் நுழைந்த வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

அறியாமைக் கால அரபியரின் மைஸிர் ஆட்டத்தில் பத்து அம்புகள் இருந்தன. ஏழுக்குப் பங்குகள் உண்டு. மூன்று வெறும் அம்புகள். ஒட்டகம் அறுக்கப்படும், அம்புகள் உருவப்படும், தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைச் சுமப்பார்கள். வென்றவர் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்குவதே பெருமையாகக் கருதப்பட்டது. ஆக, அது வெறும் பேராசை ஆட்டமும் அன்று. பசித்தவருக்கு அதனால் உணவு கிடைத்தது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அந்தப் பயனை மறுக்கவில்லை; பாவம் அதனினும் பெரிது என்கிறது. பின்னர் அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் அதை முற்றாக விலக்கின. அங்கே சொல்லப்படும் காரணங்கள் பகைமையும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும். வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்ததா, அறிவால் வந்ததா என்ற கேள்வியே அங்கு இல்லை.

பிற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். சதுரங்கம் முழுக்க அறிவின் ஆட்டம். வெறுமனே அதை ஆடுவது பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரு தரப்பும் பணம் வைத்து ஆடினால் அது சூதே என்பதில் வேறுபாடு இல்லை. குதிரைப் பந்தயத்திலும் அம்பெறிதலிலும் ஆட்சியாளரோ ஒரு தரப்பு மட்டுமோ தரும் பரிசை ஏற்றனர். நம் பகுதி ரேக்ளா பந்தயத்தில் விழாக் குழு தரும் பரிசையும், ஓரத்தில் நின்று பார்வையாளர் கட்டும் பணத்தையும் நாம் வேறுபடுத்திப் பார்ப்பது போலத்தான் இது.

இந்தியச் சட்டமோ வேறு வழியில் சென்றது. ஆங்கிலேயர் இயற்றிய 1867ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 1930இன் சென்னை மாகாணச் சட்டமும் அவ்வாறே. செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. மூன்று சீட்டை அப்படி ஏற்கவில்லை. ஆட்டத்தின் வழியே மன்றம் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தப் பகுதியை விளம்பரம் செய்பவர்கள் நினைவூட்டுவதில்லை. குதிரைப் பந்தயத்தையும் 1996இல் நீதிமன்றம் திறமைக் கணக்கிலேயே சேர்த்தது. இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுத்த தமிழகச் சட்டத்திருத்தம் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் செல்லாமற் போனது. அடுத்து வந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது; 2023 நவம்பரில் அந்தப் பட்டியலும் நீக்கப்பட்டது. தண்டனை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கப் பிறந்த ஒரு சொல், இப்படித்தான் பயிற்சி வகுப்பின் பெயர்ப்பலகையாக மாறியது.

இவ்வகுப்புகள் பெருகிய இடம் அமெரிக்கா. 2003இல் கணக்காளர் ஒருவர் உலகப் போக்கர் தொடரில் 25 இலட்சம் டாலர் வென்றதும், நாமும் வெல்லலாம் என்று திரண்டவர்களுக்காகக் கட்டண முகாம்கள் முளைத்தன. ‘பேராசிரியர்’ என்று பட்டம் பெற்ற ஹோவர்ட் லெடரர் தம் பெயரிலேயே ஒரு முகாம் நடத்தினார். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களோடு கற்று ஆடலாம் என்று அழைத்த ஃபுல் டில்ட் போக்கர் நிறுவனத்தின் நிர்வாகிகளிலும் அவர் ஒருவர். 2011இல் அமெரிக்க நீதித்துறை அந்நிறுவனத்தின் மீது கைவைத்தபோது வெளிவந்த கணக்கு இது: ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது ஏறத்தாழ 6 கோடி. உரிமையாளர்களுக்கு 40 கோடிக்கும் மேல் பட்டுவாடா ஆகியிருந்ததாக அரசு குற்றம்சாட்டியது. லெடரர் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2012இல் சமரசம் செய்துகொண்டார். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014இல். அதுவும் கணக்கில் இருந்த தொகைதான்.

இந்த மோசடியை ஒதுக்கிவிட்டு, நேர்மையான ஆசிரியர் ஒருவர் கிடைத்தார் என்றே கொள்வோம். போக்கரில் திறமையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. நிகழ்தகவு அறிந்தவன் அறியாதவனை நாளடைவில் வெல்வான். பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வைக்கிறார்கள், ஆட்டம் நடத்துபவர் 500 எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் மிஞ்சுவது 9,500. பத்துப் பேரும் ஒரே முகாமில் பயின்று வந்தாலும் 9,500தான்; முகாம் கட்டணம் வேறு போயிற்று. பத்துப் பேர் வெல்லம் காய்ச்சக் கற்றால் ஊருக்குப் பத்துக் கொப்பரை நல்ல வெல்லம் கிடைக்கும். இந்தக் கல்வியோ தன்னைவிடக் குறைவாகக் கற்றவன் ஒருவன் எதிரே அமர்ந்தால் மட்டுமே பலன் தரும். எதிரே அமர்பவன் பயிற்சிக் கட்டணம் கட்ட வசதியில்லாத ஏழை வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவனிடமிருந்து எடுத்தால்தான் கட்டணத்துக்கு ஈடு கிடைக்கும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடுவது எதுவாயினும் அதை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுத்தது. 158 ஆண்டுக்காலப் பாகுபாட்டை ஒரே வரியில் கடந்த அச்சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன. கோவா போன்ற இடங்களில் உரிமம் பெற்ற சூதாட்டக் கூடங்களின் நேரடி மேசைகளை அச்சட்டம் தொடவில்லை. அங்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடத்துக்காரருக்கு ஒரு பங்கு போகிறது.