மதுரை ஏரியா: யாருடைய ரசனைக்கு விலை போட்டார்கள்?

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் போதும், யூடியூப் முழுக்க ஒரே கேள்விதான். எந்தப் படம் எத்தனை கோடி அள்ளும்? இந்த ஆண்டு பேய்ப் படம் ஓடுமா, கிராமத்துப் படம் ஓடுமா, கேங்ஸ்டர் படம் ஓடுமா? வாசிப்பு வட்டங்களுக்கு வரும் மாணவர்களும் இதை ஆர்வமாகப் பேசுகிறார்கள். பேசட்டும், அதில் தவறில்லை. ஆனால் ‘எது ஓடும்’ என்ற கணிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் யாரை ரசிகர் என்று எண்ணினார்கள், யாரை எண்ணாமலே விட்டார்கள் என்பதை மதுரையை வைத்துப் பார்ப்போம்.

கணிப்பு என்றால் பணம்

தமிழ்நாட்டில் பட வியாபாரம் ஏரியாக் கணக்கில் நடக்கிறது. சென்னை நகரம், செங்கல்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், நெல்லை–குமரி என்று மாநிலத்தைக் கூறுபோட்டு உரிமையை விற்பார்கள். மொத்தப் பணத்தையும் கொடுத்து உரிமையை வாங்கினால் அவுட்ரேட். குறைந்தபட்சம் இவ்வளவு தருகிறேன் என்று உறுதி கொடுத்தால் மினிமம் கேரண்டி, சுருக்கமாக எம்.ஜி. முன்பணம் கொடுத்துவிட்டு வசூலில் கழித்துக்கொண்டால் அட்வான்ஸ். எந்த முறையானாலும் படம் திரைக்கு வருவதற்கு முன்பே ஒரு தொகையைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொகைதான் உண்மையான கணிப்பு.

விநியோகஸ்தர் எதை வைத்து அதைச் சொல்கிறார்? நாயகனின் முந்தைய படம், இயக்குநரின் முந்தைய படம், இதே மாதிரிக் கதை தன் ஏரியாவில் ஓடியதா என்ற அனுபவம். நேற்றைய வசூலே நாளைய அளவுகோல். அப்படியானால் நேற்று யாருடைய கதை எடுக்கப்படவே இல்லையோ, அதற்கு ஒப்பிட ஒரு வசூலும் இருக்காது. ‘இதுக்கு மார்க்கெட் இல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மார்க்கெட் இல்லை என்பதால் எடுக்க மாட்டார்கள். எடுக்காததால் மார்க்கெட் இருக்காது. ராபர்ட் மெர்டன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1948இல் இதற்குத் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு என்று பெயர் வைத்தார். நிறவெறிச் சமூகத்தைப் பார்த்து அவர் எழுதியது நம் ஊர் விநியோக அலுவலகங்களுக்கும் பொருந்துகிறது.

தரை டிக்கெட்டும் கோயில் வாசலும்

மதுரை இந்த வியாபாரத்தில் பழம் தின்ற ஊர். 1937இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’யை எடுத்தது மதுரை ராயல் டாக்கீஸ். அந்த லாபத்தில் கட்டிய தியேட்டருக்குச் சிந்தாமணி என்றே பெயர். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். இன்று அந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. 1939 ஜூலை 8. அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் கதவைத் திறக்கப் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்ட அதே ஊரில், தியேட்டர் கதவு காசுக்குத் திறந்தது. ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி இந்த மாற்றத்தை 1981இல் தெளிவாக எழுதினார்: தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது வாங்கும் சக்தி.

இதை அப்படியே ஏற்றுக்கொண்டு மகிழ்ந்துவிட முடியாது. வாங்கும் சக்தியையே சாதி தீர்மானித்த சமூகத்தில் தரை டிக்கெட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் சென்னைத் தியேட்டர் ஒன்றில் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திய காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் தரை டிக்கெட் ஒன்றைச் செய்தது. நம் மக்களின் காசை வசூல் கணக்குக்குள் கொண்டுவந்தது. கேள்வி என்னவென்றால், காசை எண்ணியவர்கள் அவர்கள் கதையையும் எண்ணினார்களா?

மதுரை வீரனுக்குக் கிடைத்த ராஜபிறப்பு

1956 ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டு. லேனா செட்டியார் தயாரிப்பில், யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் வசனத்தில் ‘மதுரை வீரன்’ வெளியானது. எம்.ஜி.ஆரை மாபெரும் வசூல் நாயகனாக்கிய படங்களில் அது முக்கியமானது. மதுரை வீரன் யார்? அருந்ததியர் மக்கள் தம் முன்னோராகக் கொண்டாடும் தெய்வம். பொம்மியைக் காதலித்து மணந்தவன். திருமலை நாயக்கர் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இன்றும் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி அவனுக்குச் சன்னிதி இருக்கிறது.

அந்தப் படத்தின் வெற்றியில் கூலி உழைப்பாளிகளின் காசு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒடுக்கப்பட்டவன் சாட்டையைப் பிடுங்கித் திருப்பி அடிப்பதை எம்.ஜி.ஆர். படங்கள் காட்டின, அதுதான் அடித்தட்டு மக்களை அவரிடம் இழுத்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் படத்தில் வீரன் எங்கே பிறக்கிறான்? காசி அரசனின் மகனாக. ஜோதிடத்தால் காட்டில் விடப்பட்ட குழந்தையைச் சக்கிலியர் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். நாட்டுப்புறக் கதைப்பாடலிலும் இந்த ராஜபிறப்பு உண்டு. அது பின்னாளில் மேல்சாதி மனம் ஒட்டவைத்தது என்பது தலித் ஆய்வாளர்களின் வாதம். கதை இரண்டு விதமாகவும் கிடக்கும்போது வியாபாரம் எதை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். தரை டிக்கெட்டுக்கு வீரம் வேண்டும், சேர் டிக்கெட்டுக்கு ராஜரத்தம் வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துவிட்டால் எல்லா டிக்கெட்டும் விற்கும். நம் காசும் வேண்டும், நம் பிறப்பு மட்டும் வேண்டாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

நாட்டாமைகளின் பத்தாண்டு

தொண்ணூறுகளின் முதல் பாதியில் ‘சின்னக் கவுண்டர்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ என்று வரிசையாக ஓடின. 1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ பெருவெற்றி பெற்று, தேசிய விருதும் வாங்கி, 1997இல் ‘விராசத்’ என்று இந்திக்கும் போனது. அரிவாளைக் கீழே போடச் சொன்ன படம் அது என்பார்கள். ஆனால் அதன் சாதிப் பெருமைப் பாட்டு மட்டும் படத்திலிருந்து கழன்று வந்து ஊர்வலங்களில் ஒலிபெருக்கிப் பாட்டானது. தென்மாவட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பாட்டு ஒலித்தால் தெருவில் என்ன நடக்கும் என்பது தெரியும்.

ஒரு படம் கொலை செய்வதில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனமான சமூகவியல். ஆனால் எந்தப் பத்தாண்டில் பஞ்சாயத்துத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவருக்கு ஏரியா விலை ஏறியதோ, அதே பத்தாண்டில்தான் பஞ்சாயத்து நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்ததற்காக ரத்தம் சிந்தியது. மேலூர் பக்கத்து மேலவளவில் தனித்தொகுதியில் வென்று தலைவரான முருகேசனும் உடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டு காலம், 2006 வரை, தேர்தலே முறையாக நடத்த முடியவில்லை. நாட்டாமைத் தீர்ப்புக்கு எம்.ஜி. கொடுக்கப் பணம் இருந்தது. மேலவளவுக்கு அன்றைய மார்க்கெட்டில் விலை இல்லை.

வட்டார வழக்கை மட்டும் நகலெடுத்தார்கள்

2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’. மதுரைத் தெருவில் மெக்கானிக் பையனும் பணக்கார வீட்டுப் பெண்ணும். பெரிய நட்சத்திரம் இல்லை. ஓடியது. 2007இல் ‘பருத்திவீரன்’, 2008இல் ‘சுப்ரமணியபுரம்’. இரண்டிலும் நாயகனாகவோ இயக்குநராகவோ புது ஆள், இரண்டும் ஓடின. உடனே வியாபாரத்துக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. மதுரைப் பேச்சு, கைலி, அரிவாள், திருவிழா, துரோகம், கடைசியில் ரத்தம். ‘மதுரைப் படம்’ என்றே ஒரு வகை உருவானது.

‘காதல்’ கேட்ட கேள்வி சாதி காதலை என்ன செய்யும் என்பது. பின்னால் வந்த நகல்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கழித்துவிட்டு மண்ணின் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டன. எது ஓடியது என்பதை வசூல் சொல்லும். ஏன் ஓடியது என்பதை அது சொல்லாது. அந்த ‘ஏன்’ என்ற இடத்தில் விநியோகஸ்தரும் தயாரிப்பாளரும் தங்கள் சாதிக் கண்ணை வைத்துக்கொள்கிறார்கள். வீரப்பெருமைப் படங்களின் வரிசை ‘குட்டிப்புலி’, ‘கொம்பன்’ என்று நீண்டது. ‘கொம்பன்’ படத்துக்கு எதிர்ப்பும் வழக்கும் வந்தன. அவற்றைக் கடந்து 2015 ஏப்ரலில் வெளியாகி ஓடியது.

கணக்கு பொய்த்த ஆண்டுகள்

2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’, 2014இல் ‘மெட்ராஸ்’, 2016இல் ‘கபாலி’. 2018 ஜூனில் ‘காலா’ எதிர்பார்த்த அளவு வசூலிக்கவில்லை என்று வணிக வட்டாரம் பேசியது. ‘அரசியல் பேசினா ஓடாது’ என்ற தீர்ப்பும் எழுதப்பட்டது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. மெல்லத் தொடங்கி, பார்த்தவர் வாய்வழியே வளர்ந்தது. அடுத்த ஆண்டு பூமணியின் ‘வெக்கை’ நாவல் ‘அசுரன்’ ஆனது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலைக்கு நடுவே, வெளியான மறுநாளே பாதி இருக்கைக் கட்டுப்பாடு வந்தும், ‘கர்ணன்’ ஓடியது. 2023இல் ‘மாமன்னன்’. ‘தேவர் மகன்’ படத்தில் கை இழந்த இசக்கியாக வந்த வடிவேலு, இதில் சட்டமன்ற உறுப்பினராக நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரையில் பிறந்த ஒரு கலைஞரின் உடம்பிலேயே முப்பது ஆண்டு வரலாறு திரும்பியது.

‘மார்க்கெட் இல்ல’ என்று எத்தனை ஆண்டு சொன்னார்கள்! 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஐந்தில் ஒருவர். அவர்கள் 2012இல் திடீரென்று டிக்கெட் வாங்கத் தொடங்கவில்லை. சிந்தாமணிக் காலத்திலிருந்தே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் தலித்துகள் மட்டுமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணிப்பாளர்கள் இருவரையுமே தப்பாகக் கணித்திருந்தார்கள்.

கணிப்பு எவ்வளவு ஆட்டங்காணும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. ஆர்தர் டி வேனி, டேவிட் வால்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2,000க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களின் வசூலை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லாபத்தின் பெரும்பகுதி மிகச் சில படங்களுக்கே போகிறது; அதனால் ‘சராசரி’ என்ற எண்ணுக்கே பொருள் இல்லை; நட்சத்திரம் இருந்தாலும் வெற்றி உறுதியில்லை என்பது அவர்கள் முடிவு. அங்கேயே நிலைமை அதுவென்றால், தியேட்டர் வசூலை அதிகாரப்பூர்வமாகத் தொகுத்து வெளியிடும் பொது அமைப்பே இல்லாத நம் மாநிலத்தில், சுவரொட்டியில் அடித்த கோடிகளை நம்பி ‘டிரெண்ட்’ பேசுவது எவ்வளவு பலமுள்ளது?

இனி நாம் கவனிக்க வேண்டியது

இன்று ‘தலித் படம்’ என்பதே ஒரு வகையாகக் கணிப்பாளர்களின் பட்டியலில் ஏறிவிட்டது. இதில் ஆபத்து இரண்டு. ஒன்று, மதுரைப் படத்துக்கு நடந்தது இதற்கும் நடக்கலாம். கேள்வியைக் கழித்துவிட்டு நீலக்கொடியையும் பறையையும் அலங்காரமாக வைத்து எடுப்பார்கள். இரண்டு, தோல்வியை எழுதும் விதம். ஆதிக்கச் சாதிப் பெருமை பேசும் படம் தோற்றால் ‘திரைக்கதை சரியில்லை’ என்பார்கள், அந்தப் படம் மட்டும் தோற்கும். நம் கதை தோற்றால் ‘இந்த மாதிரிக் கதையே இனி ஓடாது’ என்பார்கள், ஒரு சமூகமே தோற்றதாகக் கணக்கு எழுதப்படும். ‘காலா’வுக்கு அதுதான் நடந்தது. தோற்கவும் உரிமை வேண்டும் தோழர்களே. சுமாரான படம் எடுத்துவிட்டு அடுத்த படத்துக்கு முதலீடு கிடைக்கும் வசதி மற்றவர்களுக்கு எண்பது ஆண்டுகளாக இருக்கிறது.

எனவே அடுத்த முறை வசூல் கணிப்பு ஒன்றைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடைய பணத்துக்கான கணிப்பு? எந்தப் பழைய படங்களோடு ஒப்பிடுகிறார்கள்? யாரை ரசிகர் என்று எண்ணுகிறார்கள்?

இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் டூரிங் டாக்கீஸ் காலத்தைப் பார்த்த நம் தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். என்ன படம் பார்த்தார்கள், எங்கே உட்கார வைத்தார்கள், திரும்பி வரும்போது எந்தத் தெரு வழியாக நடக்க முடிந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். விநியோகஸ்தரின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் தந்த காசு மட்டுமே இருக்கிறது. மீதியை நாம்தான் எழுத வேண்டும்.