ஆற்காட்டுக் கடனைச் சுட்ட பேச்சு பிறந்த கதை

ஆரணியிலிருந்து ஆற்காட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அந்த ஆற்காட்டின் பெயரைத் தலைப்பில் சுமந்த ஒரு நாடாளுமன்றப் பேச்சு இங்கிலாந்தின் அரசியல் உரைநடையில் உச்சமான ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. பேசியவர் எட்மண்ட் பர்க். இடம் லண்டன், நாள் 1785 பிப்ரவரி 28. பேசிய பொருள், ஆற்காட்டு நவாபின் கடன்கள்.

அது முழுக்க முழுக்கக் கட்சிப் பேச்சு. தேர்தலில் தோற்றுச் சிறுத்துப்போன எதிர்க்கட்சியின் வரிசையிலிருந்து எழுந்த ஒருவர், ஆளுங்கட்சியின் முகத்துக்கு நேரே பேசியது. இருந்தும், மைசூரை ஆண்ட ஹைதர் அலி காலத்துப் போரில் நம் வட்டாரம் ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு அன்றைய லண்டனில் கிடைத்த நேர்மையான பதில்களில் அதுவும் ஒன்று. கட்சிக்காரர் சொன்னது என்பதற்காக ஒரு உண்மையை ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் நம்புவதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

பேச்சுக்கு முன்னால் கடன் பிறந்தாக வேண்டும். அதன் கதை 1749-இல் தொடங்குகிறது. ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலியை ஆங்கிலேயரும், எதிராளி சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரரும் தாங்கிப் பிடித்தார்கள். 1751-இல் ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபைத் துரத்தி வந்து முறியடித்தது ஆரணியில்தான். முகமது அலியின் நவாப் பட்டம் நிலைப்பதற்கு நம் ஊர் மண்ணும் ஒரு படி.

பட்டம் நிலைத்தது, கூடவே பில்லும் வந்தது. பிரெஞ்சுக்காரரோடு நடந்த சண்டைச் செலவு, கோட்டைகளில் நிறுத்திய கும்பினிப் படைகளின் (கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளின்) சம்பளம் என்று எல்லாம் நவாபின் கணக்கில் ஏறியது. கும்பினிக்குக் கொடுக்கப் பணமில்லாத நவாப், கும்பினியின் ஊழியர்களிடமே தனித்தனியாகக் கடன் வாங்கினார். தொடக்கத்தில் வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை போனது; பிறகு படிப்படியாகக் குறைந்தது. கடனுக்கு ஈடாக ஒவ்வொரு சீமையின் வரி வருவாயையும் தன்காவாக, அதாவது கடன்காரருக்குச் சேரும் அடகாக, எழுதிக் கொடுத்தார். முன்பணம் வாங்கிய தறிக்காரர் முதலாளியை விட்டு நகர முடியாமல் அடுத்த முன்பணமும் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிடி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான்: தறிக்காரர் தன் உழைப்பை அடகு வைக்கிறார், நவாப் அடகு வைத்தது ஊரார் உழைப்பை. அவரோ ஆற்காட்டை விட்டுச் சென்னைக்குப் போய்ச் சேப்பாக்கம் அரண்மனையில் குடியிருந்தார்.

பர்க் தம் பேச்சில் மூன்று பெரிய கடன்களைப் பிரித்துக் காட்டினார். 1767-இல் ஒன்றாகத் தொகுத்த கடன் சுமார் 8,80,000 பவுன். 1777-இல் குதிரைப்படைக் கடன் 1,60,000 பவுன். அதே ஆண்டில் தொகுத்த இன்னொரு கடன் சுமார் 24,00,000 பவுன். இந்த மூன்றில் குதிரைப்படைக் கடன்தான் மனத்தைப் பிசைகிறது. நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும். அதற்குச் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். டெய்லர், மஜெண்டி, கால் என்ற மூவர் முன்வந்து அந்தப் பாக்கியைத் தாங்கள் கட்டுவதாகச் சொன்னார்கள். ஈடாக வளமான சீமைகளின் வருவாயை எழுதி வாங்கிக்கொண்டார்கள். வருவாய் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சிப்பாய்களுக்குச் சம்பளம் போய்ச் சேரவில்லை என்று ஆவணங்களை வைத்துப் பர்க் வாதிட்டார். கடன் கொடுத்ததாகச் சொன்னவர்கள், நவாபின் நிலத்தில் எடுத்ததையே நவாபுக்குக் கடனாகத் திருப்பிக் காட்டினார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் உயிர்நாடி.

கடன்காரர்களின் பசி ஆற்காட்டோடு அடங்கவில்லை. 1773-இல் கும்பினிப் படையின் தோளில் ஏறி நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். காவிரி நெல் வருவாயும் தன்காவுக்குப் போனது. லண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்கள் தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆளுநராகப் பிகாட் பிரபுவை அனுப்பினார்கள். 1776-இல் அவர் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர், தஞ்சை வருவாயின் மேலும் விளைந்து நின்ற பயிரின் மேலும் தமக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் பாக்கி இருப்பதாக உரிமை கொண்டாடினார். ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுன் வாங்கியவர் அவர். பிகாட் மறுத்தார். 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே அவருடைய ஆலோசனை சபையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் கைது செய்தார்கள். அடுத்த மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். ஒரு ஆளுநரைத் தூக்கி எறியும் அளவுக்கு ஆற்காட்டுக் கடனுக்குக் கை வளர்ந்துவிட்டது.

1780 ஜூலையில் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். சென்னை அரசாங்கம் அவரைப் பகைத்துக்கொண்டது. ஆனால் எதிர்கொள்ள ஆயத்தமாக இல்லை. கஜானாவில் பணமில்லை, வண்டி மாடில்லை, தானியமில்லை. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கும்பினித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. உதவிக்கு வர வேண்டிய இன்னொரு தளபதி மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். நவம்பரில் ஆற்காடு விழுந்தது. சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் எதிரிக்கு ஒரு பிடி தவிடும் கிடைக்கக் கூடாதென்று ஹைதர் ஊர்களை எரித்து ஒரு வெறும் வளையம் போட்டார். இதை நாம் மழுப்பக் கூடாது. கும்பினியின் கொள்ளையைச் சொல்லும்போது ஹைதரின் தீயைச் சொல்லாமல் விடுவதும் ஒரு கட்சி கட்டுதல்தான்.

ஆரணிக் கோட்டை ஹைதரின் முக்கியமான கிடங்காயிற்று. படைக்கான தானியமும் தளவாடமும் இங்கே குவிந்தன. அதைப் பிடித்தால் எதிரியின் வயிற்றில் அடிக்கலாம் என்று வங்காளத்திலிருந்து வந்திருந்த ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் நினைத்தார். 1782 ஜூன் 2 அன்று அவர் படை ஆரணியை நெருங்கியபோது, ஹைதரின் பீரங்கிகள் பின்பக்கத்திலிருந்து வெடித்தன. நாள் முழுவதும் சண்டை. ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும் கூட்டிடம் சிக்கின, ஹைதர் பின்வாங்கினார். கோட்டை மட்டும் கூட்டுக்குக் கிடைக்கவில்லை. கூட் வென்றதாகத்தான் ஆங்கிலக் கணக்கு. எதற்காக வந்தாரோ அது கைக்கு வராமல் திரும்பியதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இருவரும் களத்தில் எதிரெதிராக நின்ற கடைசிப் போர் அதுவே. ஆறு மாதத்தில் ஹைதர் சித்தூர் அருகே இறந்தார். அடுத்த ஏப்ரலில் கூட்டும் சென்னையில் இறந்தார்.

அந்த நாட்களில் இங்கே தறி வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? நெசவு வீட்டுக்குள் முடிகிற வேலை இல்லை. விடியலில் தெருநீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் காயவைக்க வேண்டும். குதிரைப்படை ஓடும் தெருவில் எவர் பாவு இழுப்பார்? குடிக்கவே கஞ்சியில்லாத வீட்டில் நூலுக்கு ஏது கஞ்சி? பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். அங்கே 1782-இல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையும் வளர்ந்தன. ஆரணியிலிருந்து வைத்தியத்துக்கு ஸ்டான்லிக்குப் போகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்த மருத்துவமனையின் வேர் ஒரு கஞ்சித் தொட்டியில் இருக்கிறது.

லண்டனில் அப்போது போர் என்றாலே கசந்திருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களோடு நடந்த சண்டை தோல்வியில் முடிந்து, 1782 மார்ச்சில் நார்த் பிரபுவின் அமைச்சரவை கவிழ்ந்தது. கர்நாடகம் என்று அன்று அழைத்த நவாபின் நாட்டில் ஹைதரோடு நடந்த போர் எப்படி மூண்டது என்று விசாரிக்க நாடாளுமன்றம் இரகசியக் குழு ஒன்றை அமைத்திருந்தது. அதன் தலைவர் ஹென்றி டண்டாஸ். சென்னை அரசாங்கத்தையும் நவாபின் கடன்காரர்களையும் அந்தக் குழு கண்டித்தது. இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் பிரிட்டனின் கௌரவத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதவை என்று அவை தீர்மானமும் போட்டது.

பிறகு கட்சிகள் இடம் மாறின. 1783-இல் பர்க்கின் கட்சித் தலைவர் ஃபாக்ஸும் நார்த்தும் கூட்டணி வைத்தார்கள். கும்பினியை நாடாளுமன்றத்தின் பிடிக்குள் கொண்டுவர ஃபாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதை வடித்ததில் பர்க்குக்குப் பெரும்பங்கு உண்டு. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்டுப் பிரபுக்கள் அவையில் அதைக் கொன்றார். இளைஞர் வில்லியம் பிட் பிரதமரானார். 1784 தேர்தலில் கும்பினிப் பணக்காரர்கள் பிட் பக்கம் சாய்ந்தார்கள். அந்த ஆண்டே பிட்டின் இந்தியச் சட்டம் வந்தது. நவாபின் கடன்கள் எவை மெய், எவை பொய் என்று விசாரிக்க வேண்டுமென்று அந்தச் சட்டமே சொன்னது. இயக்குநர்களும் விசாரணைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஆனால் கடிதத்தை மேலே பார்த்துத் திருத்தும் அதிகாரம் புதிய கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருந்தது. வாரியத்தில் ஓங்கி நின்ற குரல் அதே டண்டாஸினுடையது. விசாரணை வேண்டாம், மூன்று கடன்களையும் ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன் வீதம் கர்நாடக வருவாயிலிருந்து கட்டு என்று உத்தரவு போனது. எரிந்து முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத சீமையின் வருவாயிலிருந்து.

ஆவணங்களை அவையில் வைக்கச் சொல்லி ஃபாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தபோது பர்க் எழுந்து பல மணி நேரம் பேசினார். டண்டாஸ் தலைமையேற்ற குழு கண்டித்ததை எடுத்து டண்டாஸ் போட்ட உத்தரவின் பக்கத்தில் வைத்தார். பென்ஃபீல்டு போன அவையில் எட்டு உறுப்பினர்களை உருவாக்கியவர் என்றும், அந்தத் தேர்தல் உதவிக்குக் கூலியாகவே கர்நாடகம் எழுதிக் கொடுக்கப்பட்டது என்றும் குற்றஞ்சாட்டினார். அதன் பிறகு அவர் சொன்னவைதான் என்னை இந்தப் பேச்சின் பக்கம் இழுத்தன. இந்த நாட்டின் உயிர் எதில் இருக்கிறது என்று அவர் அவைக்குப் பாடம் எடுத்தார்: ஏரிகளில். கர்நாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பெரியதும் நடுத்தரமுமாய்ப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, அவற்றை வெட்டிவைத்த பழைய அரசர்களைப் போற்றி, கடன்காரரின் கைக்கு நிலம் போனால் கரையை யார் கட்டுவார் என்று கேட்டார். இந்தியாவுக்கு ஒருநாளும் வராத ஒரு ஐரிஷ்காரர், ஏரிப் பாசனம்தான் வட ஆற்காட்டின் முதுகெலும்பு என்று புரிந்துகொண்டிருந்தார். கரை காத்த குடிகள் பிழைத்தால்தான் வரியே உண்டு என்ற எளிய கணக்கைப் பிட்டின் அமைச்சரவைக்கு அவர்தான் போட்டுக்காட்ட வேண்டியிருந்தது.

அவரிடமும் கறை உண்டு. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய உறவினராகக் கொண்டாடப்பட்ட வில்லியம் பர்க், தஞ்சை மன்னரின் முகவராக வேலை பார்த்தவர். நவாபுக்கு எதிரான ஆவணங்களும் கதைகளும் அவர் வழியாகவும் வந்தன. ஆற்காட்டுக் கூட்டத்தின் தேர்தல் பலத்தைப் பர்க் ஊதிப் பெரிதாக்கினார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுவதுண்டு. முகமது அலியை அவர் வெறும் நிழலாகக் காட்டினார். அந்த மனிதர் தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளக் கடன்காரர்களையே கேடயமாகப் பிடித்த கெட்டிக்காரர். உழவரும் நெசவாளரும் பேச்சில் பரிதாபத்துக்குரிய கூட்டமாக வருகிறார்கள். தம் வாயால் ஒரு சொல் சொல்வதில்லை. இத்தனையையும் கழித்த பிறகும் மீதி நிற்பது கணக்கு. கடனை விசாரிக்காமல் கட்டச் சொன்னது ஏன் என்ற கேள்விக்கு அன்று ஆளுங்கட்சி வரிசையிலிருந்து யாரும் எழுந்து பதில் சொல்லவில்லை. பேச்சு எவர் மனத்தையும் மாற்றியிருக்காது, பதில் தேவையில்லை என்று பிட் தம் சகாவான கிரென்வில்லோடு பேசி முடிவு செய்ததாக ஒரு செய்தி உண்டு. வாக்கெடுப்பில் தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. தோற்ற பேச்சைப் பர்க் திருத்தி, ஆவணங்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, அதே 1785-இல் நூலாக அச்சிட்டார். அவை கேட்க மறுத்ததைப் படிக்கிறவர்கள் கேட்கட்டும் என்று அச்சுக்குப் போனதால்தான் அது இன்று நம் கையில் இருக்கிறது.

விசாரிக்காமல் கட்டிய பழைய கடன், புதிய கடன் எழுதுகிறவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. 1795-இல் முகமது அலி இறந்தார். 1801-இல் கும்பினி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டு, நவாப் குடும்பத்துக்கு ஓய்வூதியம் ஒதுக்கியது.  பிறகு, 1785-க்குப் பின் முளைத்த கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஆணையர்கள் உட்கார்ந்தார்கள். வந்து குவிந்த பத்திரங்களின் மொத்த மதிப்பு சுமார் 3 கோடி பவுன். 1814 நவம்பர் வரை தீர்த்த சுமார் 2 கோடி பவுன் கோரிக்கையில் மெய்யென்று ஏற்றது 13 லட்சத்துச் சொச்சம், மற்றதெல்லாம் தள்ளுபடி. பர்க் 1785-இல் கேட்டது இந்த விசாரணையைத்தான். அவர் கேட்டபோது நடந்திருந்தால், அன்று கட்டிய கடனில் எத்தனை பங்கு பொய்யென்று தெரிந்திருக்கும். பென்ஃபீல்டு பின்னாளில் திவாலாகி 1810-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அவர் கூட்டாளிகள் வாங்கியது திரும்பி வரவில்லை. ஆணையர்கள் மெய்யென்று ஏற்ற பங்கையும் கட்டியது கர்நாடகத்தின் வருவாய். அந்த வருவாயில் நிலவரியும் இருந்தது, ஒவ்வொரு தறிக்கும் வைத்த மொதுர்பா வரியும் இருந்தது.